ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏ1 லெவலா?

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தில் 'அவமானமாகப் போய்விட்டது' என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். மகள் ஐந்தாம் வகுப்பு, எல்.கே.ஜி.யிலிருந்தே ஆங்கில வழி, ரேங்க் கார்டில் ஆங்கிலத்துக்கு 92. அப்படிப்பட்டவளைச் சனி ஞாயிறு வகுப்புக்காக ஆங்கிலப் பயிற்சி மையத்துக்கு அழைத்துப்போனால், இருபது நிமிடம் பேசிப் பார்த்துவிட்டு, மொழித்திறன் அளவுகோலின் முதல் படியான ஏ1 வகுப்பு என்று சொல்லிவிட்டார்கள். உங்கள் அபார்ட்மென்ட்டிலேயே இருக்கும் மூன்றாம் வகுப்புப் பையன் அதற்கு அடுத்த படியான ஏ2-வில் இருக்கிறான். மேனேஜரிடம் சண்டை போட்டாவது ஒரு லெவல் ஏற்றச் சொல்லலாமா, இல்லை வேறு மையம் பார்க்கலாமா என்று கேட்கிறீர்கள்.

சண்டை வேண்டாம். ஆனால் சனிக்கிழமை போய்ச் சில கேள்விகள் கேட்கத்தான் வேண்டும். அதற்கு முன், அந்த இருபது நிமிடத்தில் உள்ளே என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். ஆலோசனை வேலைக்கு வருவதற்கு முன் நான்கு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளைகளைப் பேசவைத்துப் பார்த்தது நான்தான்.

பிள்ளை வந்து உட்காரும். கையைக் கட்டிக்கொண்டு ஆரம்பிக்கும்: "குட் மார்னிங் சார். மை நேம் இஸ்... ஐ ஆம் ஸ்டடியிங் இன் ஃபிஃப்த் ஸ்டாண்டர்ட். மை ஹாபி இஸ் ட்ராயிங். தேங்க் யூ சார்." மூச்சு விடாமல், மனப்பாடச் செய்யுள் மாதிரி. நான் தலையாட்டிவிட்டு, "உனக்கு இன்றைக்குத் தலை பின்னிவிட்டது யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்பேன். அவ்வளவுதான். பிள்ளையின் பார்வை கதவுப் பக்கம் போகும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா நின்றுகொண்டு உதட்டை அசைத்துப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

அப்புறம் ஒரு படத்தைக் காட்டுவேன். சந்தை, வாழைப்பழ வண்டி, வண்டிக்கு அடியில் படுத்திருக்கும் நாய். நாய் என்ன செய்கிறது என்று கேட்டால் "டாக்" என்று மட்டும் வரும். கடைசியில், "போன ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தாய்?" ஒரு பெண் நன்றாக யோசித்துவிட்டுச் சொன்னாள்: "சண்டே ஐ கோ டு பாட்டி ஹவுஸ். பாட்டி கிவ் முறுக்கு."

அந்த இரண்டு வரி எனக்குப் போதும். இவளுக்குப் பேசப் பயமில்லை. ஆங்கிலச் சொல் கிடைக்காத இடத்தில் முறுக்கைப் போட்டு நிரப்பிக்கொண்டு மேலே போகிறாள், அது பெரிய விஷயம். 'கோ' என்பதற்கு 'வென்ட்' வர வேண்டும் என்பது தேர்வுத்தாளில் கோடிட்ட இடத்தை நிரப்பும்போது கைக்குத் தெரியும், வாய்க்கு இன்னும் தெரியாது. நான் அவளுக்கு எழுதிய லெவலும் ஏ1தான்.

அப்படியானால் அந்த 92 எங்கிருந்து வந்தது என்பீர்கள். பாடத்தைப் படித்தாள், பாடத்தின் பின்னால் இருக்கும் கேள்விக்குப் பதிலை நோட்டிலிருந்து படித்தாள், அதே கேள்வி வந்தது, எழுதினாள். அது நிஜமான உழைப்புக்கு வந்த மதிப்பெண். ஆனால் கேட்பது, பேசுவது, வாசிப்பது, எழுதுவது என்று மொழிக்கு நான்கு பக்கம் இருக்கிறது. நம் ஊர் ஆங்கில வழிப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வாசிப்பும் எழுத்தும் இரண்டு வருடம் முன்னால் போய்விட்டிருக்கும், காதும் வாயும் பின்தங்கியிருக்கும். பேசக் கற்றுக்கொள்ளத்தான் மையத்துக்கு அனுப்புகிறீர்கள் என்பதால், காதையும் வாயையும் வைத்து லெவல் போட்டது சரிதான்.

ஏ1, ஏ2 என்பவை அந்த மையம் தானாக வைத்த பெயர்களும் இல்லை. ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட பொது அளவுகோல் அது. ஏ1 தொடங்கி சி2 வரை ஆறு படி. பிரெஞ்சு, ஜெர்மன் படிக்கிறவர்களையும் இதை வைத்துத்தான் அளக்கிறார்கள். தன்னைப் பற்றி, வீட்டைப் பற்றி, தெரிந்தவர்களைப் பற்றி எளிய கேள்விகளுக்கு, எதிராளி நிதானமாகப் பேசினால் பதில் சொல்ல முடிவது ஏ1. கடைக்குப் போவது, நேற்று நடந்ததைச் சொல்வது போன்ற அன்றாட விஷயங்களை நாலைந்து எளிய வாக்கியத்தில் ஒப்பேற்ற முடிந்தால் ஏ2. சிறு பிள்ளைகளுக்குக் கேம்பிரிட்ஜ் நடத்தும் தேர்வுகளில் ஸ்டார்ட்டர்ஸ், மூவர்ஸ், ஃபிளையர்ஸ் என்று மூன்று படி. அதில் ஸ்டார்ட்டர்ஸ் ஏ1-க்கும் கீழே. மூவர்ஸ்தான் ஏ1, ஃபிளையர்ஸ் ஏ2. உங்கள் மகளை அடித்தட்டில் தள்ளிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அவளுக்குக் கீழே இன்னொரு படி இருக்கிறது. அந்தத் தேர்வுகளில் பாஸ், ஃபெயில் என்ற பேச்சே கிடையாது என்பதையும் கவனியுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஐந்து கேடயம் வரை தருவார்கள், அவ்வளவுதான்.

பிள்ளைகளை வகுப்பு எண்ணை விட்டுவிட்டு, இருக்கும் நிலையைப் பார்த்துப் பிரிப்பது நமக்குப் புதிதும் இல்லை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒரே வகுப்பறையில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துத்தான் பாடம் நடக்கிறது. அரும்பு என்று சொன்னால் அந்தப் பிள்ளையை யாருக்கும் குறைவாகப் பார்க்கத் தோன்றாது. இங்கே ஏ1 என்று எழுத்தும் எண்ணுமாக இருப்பதால் நம் மனம் அதை உடனே ரேங்க் ஆக்கிவிடுகிறது.

இப்போது ஒரு கணக்கு. ஏ2-வை எட்ட மொத்தம் 180 முதல் 200 மணி நேரம், அதற்கடுத்த படியான பி1-ஐ எட்ட மொத்தம் 350 முதல் 400 மணி நேரம் ஆசிரியரோடு படிக்க வேண்டியிருக்கும் என்று கேம்பிரிட்ஜ் தோராயமாகச் சொல்கிறது. உங்கள் மகளுக்கு வாரத்தில் இரண்டு வகுப்பு, தலா ஒன்றரை மணி. வாரத்துக்கு மூன்று மணி நேரம். பரீட்சை, பொங்கல், தீபாவளி, ஊர்த் திருவிழா எல்லாம் போக வருடத்தில் 40 வாரம் வகுப்பு நடந்தால் 120 மணி. ஆக, ஏ2-விலிருந்து பி1 என்ற ஒரே ஒரு படி ஏறுவதற்கே ஏறக்குறைய ஒன்றரை வருடம் பிடிக்கும். 'மூன்றே மாதத்தில் இரண்டு லெவல்' என்று நோட்டீஸ் கொடுக்கிற மையத்தைக் கண்டால் நான் ஒதுங்கிப் போய்விடுவேன். உங்கள் மகளை ஏ1 என்று சொல்லிய மையம், அந்த விதத்தில், உங்களைக் குளிர்விக்க நினைக்கவில்லை. ஏ2 என்று எழுதிக் கொடுத்திருந்தால் நீங்கள் அன்றைக்கே சந்தோஷமாக ஃபீஸ் கட்டியிருப்பீர்கள்.

குளிர்வித்துவிட்டுப் பட்டவன் நான். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன். ஏ2-வில் உட்கார வேண்டியவன். அப்பாவுக்கு ஊரில் செல்வாக்கு, பி1-க்குக் குறைந்து எதுவும் காதில் விழவில்லை. மேலிடத்திலும் 'போட்டுவிடுங்கள் சார்' என்றார்கள். போட்டேன். ஆறு வாரம் கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பக்கத்துப் பையன் சிரித்தால் சிரித்தான், பக்கத்துப் பையன் எழுதியதை எழுதினான். நோட்டைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஏழாவது வாரத்திலிருந்து சனிக்கிழமை காலை ஆனால் வயிற்று வலி. பத்தாவது வாரம் நின்றுவிட்டான். லெவலை இறக்கலாம் என்று அப்போது நான் சொன்னதும் அப்பா என்மேல்தான் கோபப்பட்டார். அவர் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது, அந்தத் தாளில் பி1 என்று எழுதியது என் பேனாதான்.

அதற்காக மையம் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்றும் இருந்துவிடாதீர்கள். ஏ2 பேட்ச் நிரம்பிவிட்டது, ஏ1-இல் நாலு இடம் காலி என்பதற்காகக் கீழே போடுவதும் உண்டு. கீழே இருந்து ஆரம்பித்தால் நாலு கோர்ஸுக்குப் பதில் ஐந்து கோர்ஸ் ஃபீஸ் வரும் என்ற கணக்கும் சில இடங்களில் உண்டு. நல்ல மையமாக இருந்தால், எதனால் இந்த லெவல் என்பதை உங்கள் மகள் சொன்ன பதில்களை வைத்தே விளக்குவார்கள். 'சிஸ்டத்தில் அப்படித்தான் வந்தது' என்று மட்டும் சொன்னால் இன்னொரு முறை பேசிப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றுதான் எனக்குக் கவலை. அந்த ஏ1 வகுப்பில் மற்ற பிள்ளைகளுக்கு என்ன வயது? இது லெவலைவிட முக்கியம். ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் என்றால் வகுப்பு பாட்டும் கைதட்டலும் கலரடிப்பதுமாகப் போகும், போகவும் வேண்டும். பத்து வயதுப் பெண்ணை அதில் உட்காரவைத்தால் உங்களுக்கு வந்த அவமானம் அவளுக்கும் வரும். பத்து வயதில் தோழிகள் முன்னால் கௌரவம் என்பது சின்ன விஷயம் இல்லை. ஒன்பது முதல் பதினொன்று வயதுக்காரர்கள் இருக்கும் ஏ1 பேட்ச் இருக்கிறதா என்று கேளுங்கள். ஞாயிறு மாலையில் இருந்தாலும் பரவாயில்லை, மாற்றிக்கொள்ளுங்கள். அப்படி ஒன்று இல்லவே இல்லை, ஏ2-வை இப்போதுதான் தொடங்கும் பத்து வயது பேட்ச் ஒன்று இருக்கிறது என்றால், நானாக இருந்தால் குட்டிப் பிள்ளைகளோடு விடுவதற்குப் பதில் அங்கே விடுவேன். அரைப்படி உயரத்தைப் பிள்ளைகள் எட்டிப் பிடித்துவிடுவார்கள். ஒரு முழுப்படி என்றால் அந்தப் பன்னிரண்டு வயதுப் பையன் கதைதான்.

வகுப்பு பொருந்துகிறதா என்பது மூன்று, நான்கு வாரத்தில் வீட்டிலேயே தெரிந்துவிடும். 'இன்றைக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள்?' என்று கேட்காதீர்கள், 'ஒண்ணுமில்லை' என்றுதான் பதில் வரும். 'யாரோடு ஜோடி சேர்ந்து பேசினாய், அந்தப் பிள்ளை என்ன சொன்னது?' என்று கேளுங்கள். இன்னொரு பிள்ளை ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் உங்களிடம் கதையாகச் சொல்கிறாள் என்றால் காது வேலை செய்கிறது என்று அர்த்தம். எதுவும் தடுக்காமல் எல்லாம் தெரிந்ததாகவே இருக்கிறது, வொர்க்புக்கை முதல் ஆளாக முடித்துவிட்டுப் பென்சிலைக் கடித்துக்கொண்டிருக்கிறாள் என்றால் வகுப்பு தாழ்வு. அப்போது ஏற்றச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை, கையில் காரணம் இருக்கும்.

புத்தகத்துக்கு இன்னும் சுலபமான வழி உண்டு. மையத்தில் தரும் கதைப்புத்தகத்தில் ஏதாவது ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்க வேண்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் கனம். ஒன்றுமே மடங்காவிட்டால் சும்மா ஜாலிக்குப் படிக்கட்டும், பாடத்துக்கு ஆகாது. இரண்டு, மூன்று மடங்கினால் சரி. நூற்றுக்கு 98 சொல் தெரிந்திருந்தால்தான் துணை இல்லாமல் படித்துப் புரிந்துகொள்ள முடியும் என்று ஹூ, நேஷன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000-இல் எழுதினார்கள். ஒரு பக்கத்தில் நூறு சொல் போல இருந்தால், விரல் கணக்கும் கிட்டத்தட்ட அதற்கு அருகில்தான் வந்து நிற்கிறது. சத்தம் போட்டுத் தடையில்லாமல் வாசிக்கிறாளே என்று மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். நம் பிள்ளைகள் பொருள் தெரியாமலே எதையும் கணீரென்று வாசித்துவிடுவார்கள்.

கடிதத்தின் கடைசியில், அடுத்த வருடம் குடும்பத்தோடு டொராண்டோ போக வாய்ப்பிருக்கிறது, அங்கே ஆங்கிலம் போதவில்லை என்று மூன்றாம் வகுப்பில் போட்டுவிட்டால் என்ன செய்வது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயம் வேண்டாம். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணப் பள்ளிகளில் வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்ப்பார்கள், ஆங்கில உதவியை அதோடு சேர்த்துத் தருவார்கள். நம் 2009 கல்வி உரிமைச் சட்டமும் பள்ளிக்கே போகாத பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப் பயிற்சி கொடு என்றுதான் சொல்கிறது. புது நாட்டில் விளையாட்டுத் திடல் ஆங்கிலம் ஓரிரு வருடத்தில் வந்துவிடும், பாடப்புத்தக ஆங்கிலம் பிடிபட ஐந்து முதல் ஏழு வருடம் ஆகலாம் என்று கனடாவின் மொழிக்கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் சொல்லியிருக்கிறார். உங்கள் மகளிடம் பாடப்புத்தக ஆங்கிலத்தில் கொஞ்சம் இருப்பு ஏற்கெனவே இருக்கிறது. அவள் போய்ச் சேர்ந்ததும் உங்களைவிடச் சீக்கிரம் அங்கே ஒட்டிக்கொள்வாள்.

அந்த மூன்றாம் வகுப்புப் பையனைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. அவன் எப்படி ஏ2 ஆனான் என்று எனக்குத் தெரியாது. கார்ட்டூன் பார்த்தே ஆகியிருக்கலாம், வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்திருக்கலாம். அவன் பெயரை வீட்டில் எடுக்காதீர்கள், முக்கியமாகச் சனிக்கிழமை காலையில்.

சரி, சனிக்கிழமைக்கு வருவோம். மேனேஜரிடம் போகாமல், மகளிடம் பேசிப் பார்த்த ஆசிரியரையே கேளுங்கள்: அவள் எதில் தடுமாறினாள், எதில் நன்றாகச் செய்தாள், வகுப்பில் எத்தனை பேர், என்ன வயது, மறுபடி எப்போது பார்ப்பீர்கள், இடையில் முன்னேறினால் கோர்ஸ் முடியும்வரை காக்காமல் மாற்றுவீர்களா. எல்லாப் பதிலும் திருப்தியாக வர வேண்டும் என்றில்லை, வயதுக்கும் மறுபரிசீலனைக்கும் மட்டும் தெளிவான பதில் வாங்காமல் வராதீர்கள். பள்ளி மதிப்பெண் அட்டையைக் கொண்டுபோக வேண்டாம். அவளாக எழுதிய ஏதாவது இருந்தால், தோழிக்கு எழுதிய பிறந்தநாள் அட்டையாக இருந்தாலும், அதைக் கொண்டுபோங்கள்.

மறுபடி ஒரு தடவை அவளைப் பேசவைத்துப் பார்க்கிறோம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளுங்கள். முந்தின நாள் ராத்திரி உட்காரவைத்து 'மை நேம் இஸ்' ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். அப்புறம், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் ஆக வேண்டும் என்றால் நில்லுங்கள். உதட்டை மட்டும் அசைக்காதீர்கள், உள்ளே இருப்பவருக்கு அது நன்றாகத் தெரியும்.