இன்டர்வியூவில் நாக்கு ஒட்டிக்கொண்டால்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கடலூர் சிப்காட்டில் ஆள் எடுக்கும் மேசைக்கு இந்தப் பக்கம் பதினெட்டு ஆண்டுகள் உட்கார்ந்தவன் நான். வந்த கேள்விகளில் ஐந்துக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பி.எஸ்சி. வேதியியல் முடித்திருக்கிறேன் சார். செல்ஃப் இன்ட்ரோவை இங்கிலீஷில் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். நாலாவது வரியில் மறந்துவிட்டது. அப்புறம் எதைக் கேட்டாலும் பதில் வரவில்லை. (குறிஞ்சிப்பாடி)

மனப்பாடத்தை விட்டுவிடுங்கள் தம்பி. அதில் ஒரு வரி விட்டுப்போனால் மொத்தமும் போய்விடும். கையால் செய்த வேலை அப்படி மறக்காது.

உங்களைப் போலவே ஒரு பையன் வந்தான். ஊர், அப்பா தொழில் எல்லாம் ஒப்பித்தவன், ‘மை ஸ்ட்ரெங்த்’ என்று தொடங்கி அப்படியே நின்றுவிட்டான். தண்ணீர் கொடுத்து, “சரி, லேபில் டைட்ரேஷன் எப்படிச் செய்வாய்? தமிழிலேயே சொல்” என்றேன். ஒரு கரைசலை இன்னொன்றில் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறுவதை வைத்து அதன் செறிவைக் கண்டுபிடிக்கும் சோதனை அது. அவன் வலது கை தானாகக் கூம்புக் குடுவையைச் சுழற்ற ஆரம்பித்தது. இடது கை, அங்கே இல்லாத பியூரெட் குழாயின் திருகைப் பிடித்தது. “நிறம் காட்டுற பினாப்தலீன் ரெண்டு சொட்டு விடணும் சார். கடைசியில சொட்டுச் சொட்டாத்தான் போகணும். லேசான ரோஸ் வந்து அரை நிமிஷம் நிக்கணும். அடர் ரோஸ் ஆயிட்டா தாண்டிட்டோம்னு அர்த்தம். திரும்ப முதல்ல இருந்து செய்வேன்” என்றான். அந்தக் கடைசி வரிக்காகவே அவனை எடுத்தோம். ரீடிங்கை மாற்றி எழுதாமல் திரும்பச் செய்கிறவனை நம்பித்தான் நைட் ஷிப்டை விட முடியும்.

நீங்களும் லேபில் செய்த இரண்டு சோதனைகள், ஒரு புராஜெக்ட், நீங்கள் செய்து திருத்திக்கொண்ட ஒரு தப்பு, இவற்றை வீட்டில் தம்பி தங்கையிடம் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். பாதுகாப்புக் கேள்வி கட்டாயம் வரும். அமிலத்தைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும்; தண்ணீரை அமிலத்தில் ஊற்றினால் சூடேறித் தெறிக்கும். காரணத்தோடு சொல்லுங்கள். இங்கிலீஷ் தடுமாறினால், “தமிழில் சொல்லலாமா சார்?” என்று கேட்பதில் தப்பே இல்லை. பிளான்ட் வேலைக்கு நான் அதற்காக ஒருவரையும் கழித்ததில்லை.

பி.காம்., கணக்குப் பிரிவில் இருந்தேன். குழந்தைக்காக 2019-ல் வேலையை விட்டேன். இப்போது போகிற இடத்திலெல்லாம் இந்த இடைவெளியைத்தான் கேட்கிறார்கள். ‘அடுத்த குழந்தை எப்போது?’ என்றுகூட ஒருவர் கேட்டார். (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

அந்தக் கேள்வியைக் கேட்டதே தப்பு அம்மா. “வீட்டு ஏற்பாடெல்லாம் செய்துவிட்டேன், வேலை நேரத்தில் நான் இங்கே இருப்பேன்” என்று சொல்லி அடுத்த பேச்சுக்குப் போய்விடுங்கள். விளக்கம் வேண்டாம்.

இடைவெளியை மறைக்காதீர்கள். நீங்கள் இல்லாதபோது என்ன மாறியது என்று தெரிந்துகொண்டு போங்கள். கணக்கு எழுதும் மென்பொருளில் நீங்கள் டேலி இ.ஆர்.பி. 9-ல் பழகியிருப்பீர்கள், 2020 நவம்பரில் அதன் புதிய வடிவமான டேலி பிரைம் வந்துவிட்டது. ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ், அதாவது ஜி.எஸ்.டி.க்காக அரசு இணையதளத்தில் பதிவாகும் பில், கட்டாயம். தெரிந்த ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரு மாதம் உட்கார்ந்து பழகினாலே இதெல்லாம் கைக்கு வந்துவிடும். பிறகு இடைவெளி பற்றிக் கேட்டால் அந்த ஒரு மாதத்தைப் பற்றியே பேசலாம்.

‘சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?’ என்றால் என்ன சொல்வது? (டிப்ளமோ, சிதம்பரம்)

‘உங்க இஷ்டம் சார்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அங்கே வேலை செய்யும் சீனியரிடம் விசாரித்து, அறை வாடகை, பஸ், சாப்பாடு கணக்குப் போட்டு ஒரு தொகையைச் சொல்லுங்கள். சி.டி.சி. என்று அவர்கள் சொல்வது உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு, கையில் வரும் பணம் அல்ல. அடிப்படைச் சம்பளம் 12,000 என்றால் பி.எஃப்.புக்கு உங்கள் பங்கு 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய். கம்பெனி பங்கு இன்னொரு 1,440-ஐயும் பெரும்பாலும் சி.டி.சி.யிலேயே சேர்த்துத்தான் சொல்வார்கள். “கையில் எவ்வளவு வரும் சார்?” என்று தைரியமாகக் கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

குரூப் 4 வேலைக்கு, ‘இன்டர்வியூவில் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று ஒருவர் 3 லட்சம் கேட்கிறார். அப்பா நிலத்தை அடமானம் வைக்கலாம் என்கிறார். (விருத்தாசலம்)

வேண்டவே வேண்டாம். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்கு நேர்முகத் தேர்வே கிடையாது. எழுத்துத் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு, அவ்வளவுதான். மத்திய அரசின் குரூப் சி பணிகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் நேர்முகத் தேர்வை எடுத்துவிட்டார்கள். இல்லாத இன்டர்வியூவில் அவர் எதைப் பார்த்துக்கொள்வார்? இன்றைக்கே அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் காலை 9 மணிக்கு இன்டர்வியூ. ஐப்பசி மழையை நினைத்தால் பயமாக இருக்கிறது. (பண்ருட்டி)

முதல் நாளே ஒருமுறை போய் கேட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள். தொழிற்பேட்டைக்குள் கம்பெனியைத் தேடுவதிலேயே அரை மணி நேரம் போய்விடும். சர்டிபிகேட் ஃபைலை ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் பையில் வைத்து வாயைக் கட்டுங்கள். சட்டை ஒன்று பையில் இருக்கட்டும், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம். பஸ் நின்றுவிட்டால் 9 மணிக்கு முன்பே போன் செய்து, எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். அப்படிச் சொன்னவர்களுக்காக மதியம் வரை நாங்கள் காத்திருந்திருக்கிறோம்.