மகளுக்கு வந்திருப்பது படிப்பா, வேலையா? ஒரு தந்தைக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கெமிக்கல் இன்ஜினியரிங்கில் பிஎச்.டி. முடித்த மகள் இனி வேலைக்குப் போவார் என்று காத்திருந்தீர்கள். அவரோ கரியமில வாயுவைப் பிடிக்கும் ஏதோ குமிழ்களைப் பற்றி இரண்டு வருட போஸ்ட்டாக் வாய்ப்பு வந்திருப்பதாகச் சொல்கிறார். “இன்னும் எத்தனை வருஷம்தான் படிப்பாள்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

போஸ்ட்டாக் படிப்பே இல்லை. அதற்குக் கட்டணம் கிடையாது, தேர்வு கிடையாது, முடிவில் பட்டமும் கிடையாது. ஒருவருடைய ஆராய்ச்சித் திட்டத்தில் சம்பளத்துக்குச் சேரும் ஒப்பந்த வேலை அது. திட்டத்தில் பணம் இருந்தால் நீட்டிப்பார்கள், தீர்ந்தால் வாழ்த்துச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். சம்பளம் அதே தகுதிக்குத் தொழில் நிறுவனம் தருவதைவிடப் பெரும்பாலும் குறைவு. ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது, அந்த இரண்டு வருடம் கழித்து அவர் கையில் என்ன மிஞ்சும் என்பது. அதற்கு அந்தக் குமிழ் என்னவென்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நிலக்கரி அனல்மின் நிலையப் புகையில் சுமார் 12 முதல் 15 சதவீதம் கரியமில வாயு. அதைப் பிரித்தெடுக்க அமீன் என்ற திரவத்தைப் பயன்படுத்துவது பழைய முறை. அதன் காப்புரிமையே 1930-ஐச் சேர்ந்தது. உயரமான கோபுரத்தில் திரவம் மேலிருந்து வழியும், புகை கீழிருந்து ஏறும். வாயுவை உறிஞ்சிய திரவத்தைச் சுமார் 120 டிகிரிக்குச் சூடாக்கினால் வாயு தனியே வெளிவரும். வேலை நடக்கிறது, ஆனால் சூடாக்க ஏகப்பட்ட ஆற்றல் வேண்டும், குழாய்கள் அரிக்கும், திரவமும் நாளடைவில் கெட்டுப்போகும்.

சலவைச் சோடா, அதாவது சோடியம் கார்பனேட் கரைசல், இதைவிடச் சாது. மலிவு, ஆவியாகித் தொல்லை தராது. கரியமில வாயுவைக் குடித்ததும் சமையல் சோடாவாக மாறும். கணக்குப்படி 106 கிலோ சோடியம் கார்பனேட் 44 கிலோ வாயுவைப் பிடிக்கலாம். குறை இரண்டு: உறிஞ்சுவது மிக மெதுவாக, அதோடு சமையல் சோடா படிகமாகப் படிந்து குழாயை அடைத்துக்கொள்ளும்.

இந்த இரண்டையும் ஒரே அடியில் சமாளிக்கப் பிறந்ததுதான் உங்கள் மகள் சொல்லும் குமிழ். அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகமும் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் சேர்ந்த குழு 2015-ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் இதை வெளியிட்டது. கார்பனேட் கரைசலை மணல் பருக்கை அளவுள்ள சிலிக்கோன் ஓட்டுக்குள் அடைத்துவிடுவது. ஓடு வாயுவை உள்ளே விடும், திரவத்தை வெளியே விடாது. படிகம் உருவானாலும் உள்ளேயே கிடக்கும், குழாய் அடைபடாது.

செய்யும் விதம் அழகானது. மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாய்களை நுனியில் இணைத்து, நடுவில் கார்பனேட் கரைசல், சுற்றிலும் திரவ நிலையில் சிலிக்கோன், அதற்கும் வெளியே இன்னொரு திரவம் என்று ஓடவிடுகிறார்கள். நுனியில் சொட்டுக்குள் சொட்டாகக் கழன்று விழும். புற ஊதா ஒளி பட்டதும் ஓடு இறுகிவிடும். பார்க்க மீன் சினை மாதிரி இருக்கும். உள்ளே தைமால் புளூ என்ற நிறங்காட்டியைச் சேர்த்திருந்தால் நீலமாக இருக்கும் குமிழ் வாயுவைக் குடிக்கக் குடிக்க மஞ்சளாகும்.

அரை மில்லிமீட்டர் குமிழ்களை ஒரு கன மீட்டர் தொட்டியில் நிரப்பினால் ஏழாயிரம் சதுர மீட்டருக்கு மேல் பரப்பு கிடைக்கும். கோபுரங்களில் வழக்கமாக அடுக்கும் உலோகத் தகடுகளில் கன மீட்டருக்கு 250 சதுர மீட்டர் என்பது சாதாரண அளவு. மெதுவாக உறிஞ்சும் திரவத்துக்கு இந்தப் பரப்புதான் ஈடு. ஆனால் வாயு ஓட்டின் சுவரையும் கடந்து போக வேண்டும் என்பதால் இந்தப் பெருக்கம் முழுவதும் லாபமாகாது.

இனி சிக்கல். சிலிக்கோன் நீராவியையும் விட்டுவிடும். வறண்ட வாயுவில் குமிழ் சுருங்கும், ஈரத்தில் ஊதும். பிடித்த வாயுவை வெளியேற்றச் சூடாக்கி ஆறவைக்கும் ஒவ்வொரு சுற்றிலும் ஓட்டுக்குச் சோதனை. இதற்கெல்லாம் மேலே அளவுப் பிரச்சினை: 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டன் வாயுவை வெளியிடும். கண்ணாடி நுனியில் ஒவ்வொன்றாகச் சொட்டும் குமிழால் அதை எதிர்கொள்வது எப்படி? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடத்தான் போஸ்ட்டாக் ஆள் எடுக்கிறார்கள். விடை கிடைக்காமலே திட்டம் முடிவதும் சகஜம்.

அப்படியானால் இரண்டு வருடம் வீண்தானே என்பீர்கள். இங்கேதான் நான் உங்களோடு மாறுபடுகிறேன். பொருள் தோற்கலாம், ஆனால் சீரான அளவில் குமிழ் செய்து, ஓட்டின் தடிமனைக் கட்டுப்படுத்தி, எது எவ்வளவு வேகத்தில் கசிகிறது என்று அளக்கத் தெரிந்த கை தோற்பதில்லை. மருந்தை உடலுக்குள் மெல்ல விடுவிப்பது, பூச்சிமருந்து, வாசனைத் திரவியம், வெப்பத்தைச் சேமிக்கும் மெழுகு என்று எல்லாவற்றிலும் இந்த வேலை உண்டு. மேலே எழுதினால் அடித்தாளில் நீலமாகப் பதியும் பில் புத்தகம் பார்த்திருப்பீர்களே, அதுவும் நுண்குமிழ்தான், 1950-களின் கண்டுபிடிப்பு. கார்பன் தாளை ஒழிக்க வந்த குமிழ் இப்போது கார்பனையே பிடிக்கப் போயிருக்கிறது!

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர் இதே போன்ற திட்டத்தில் இரண்டு வருடம் இருந்தார். அவருடைய பொருள் கடைசிவரை தேறவில்லை. இப்போது மருந்து நிறுவனமொன்றில் இருக்கிறார். இன்டர்வியூவில் கரியமில வாயுவைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லையாம். சொட்டு ஏன் பெரிதும் சிறிதுமாக விழுகிறது, அதை எப்படிச் சரிசெய்தாய் என்பதையே அரை மணி நேரம் கேட்டார்களாம்.

இன்னொன்று. உலோக-கரிமச் சட்டகங்கள், அதாவது நுண்துளைகளில் வாயுவைப் பிடித்துவைக்கும் மாஃப் பொருள்களுக்காகக் கிடகாவா, ராப்சன், யாகி மூவருக்கும் 2025-ல் வேதியியல் நோபல் கிடைத்த பிறகு எல்லாரும் அந்தப் பக்கம் ஓடுகிறார்கள். உங்கள் மகளும் அதற்கு மாறலாமா என்று யோசிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவசரம் வேண்டாம். மாஃப் பெரும்பாலும் பொடியாகத்தான் கிடைக்கும். அதைத் தொட்டியில் போட வேண்டுமென்றால் மணியாக, குமிழாக வடிவம் கொடுத்தாக வேண்டும். அந்தக் கைவேலை தெரிந்தவர் அங்கேயும் தேவைப்படுவார்.

ஆனால் துறை பாதுகாப்பானது என்று நான் சொல்ல மாட்டேன். டெக்சாஸில் பெட்ரா நோவா என்ற பெரிய பிடிப்பு நிலையம் 2017-ல் ஓடத் தொடங்கியது. பிடித்த வாயுவை எண்ணெய்க் கிணற்றில் செலுத்தி எண்ணெய் எடுப்பதுதான் அதன் வருமானம். 2020-ல் எண்ணெய் விலை சரிந்ததும் நிறுத்திவிட்டார்கள், மறுபடி ஓடியது 2023-ல். தொழில்நுட்பம் நன்றாக இருந்தும் வேலை எண்ணெய் விலையைப் பொறுத்து வந்துபோகும் துறை இது. வீட்டில் கல்விக்கடன் கழுத்தை நெரிக்கிறது, அவர் சம்பளம்தான் குடும்பத்துக்கு ஆதாரம் என்றால், இப்போது வேலைக்குப் போகச் சொல்வேன். கூச்சப்படாமல் அதை மகளிடம் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் அந்த விவரம் இல்லை.

பேராசிரியர் ஆக வேண்டும் என்பது அவர் கனவாக இருந்தால் போஸ்ட்டாக் கிட்டத்தட்ட கட்டாயம். ஆனால் அந்த இடங்களும் பிஎச்.டி. முடிப்பவர்களைவிட வெகு குறைவு. இரண்டாவது, மூன்றாவது போஸ்ட்டாக் என்று நீட்டிக்கொண்டே போவதுதான் உண்மையான ஆபத்து. ஒன்றோடு நிறுத்துவது என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்புக்கொள்வதற்கு முன் அவர் அந்த லேபில் ஏற்கெனவே இருந்தவரிடம் பேச வேண்டும். பேராசிரியரிடம் கேட்டால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். முன்பு இருந்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள், குமிழை இவரே செய்வாரா அல்லது யாரோ செய்ததை அளப்பது மட்டுமா, எத்தனை சுற்று வரை சோதிக்கிறார்கள், தோற்ற முடிவுகளைப் பேப்பராக எழுத விடுவார்களா, திட்டத்தின் பணம் எந்த மாதம் வரை உறுதி என்று கேட்கட்டும். அளக்கும் வேலை மட்டும் என்று பதில் வந்தால் எனக்கு உற்சாகம் பாதியாகிவிடும்.

அந்தப் பேராசிரியருக்கு நீங்களே மின்னஞ்சல் எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். பதில் சொல்லப் பத்து நாள் அவகாசம் இருக்கிறது என்கிறீர்கள். லேபில் இருந்தவரிடம் பேசி முடித்ததும் உங்கள் மகளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.