லேப் ஏஜெண்ட் சொல்லும் ஜீன் டெஸ்ட்டுக்கு நகையை அடகு வைக்கலாமா?

அப்பாவுக்குப் பெருங்குடல் கட்டியை எடுத்தாயிற்று, இரண்டாம் நிலை, நெறிக்கட்டிகளில் பரவவில்லை; ஆனால் ஜீன் எக்ஸ்பிரஷன் டெஸ்ட்டுக்குச் சாம்பிளை அமெரிக்காவுக்கு அனுப்பினால்தான் கீமோ தேவையா என்று தெரியும், இந்த வாரமே பணம் கட்டுங்கள் என்று லேப் ஏஜெண்ட் நெருக்குகிறார், நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வைக்காதீர்கள். டெஸ்ட் போலி இல்லை. கட்டியில் எந்த ஜீன் எவ்வளவு மும்முரமாக வேலை செய்கிறது என்று அளந்து, நோய் திரும்பும் வாய்ப்பைக் கணிக்கிறார்கள். இந்த வகையில் ஒன்றான ஆன்கோடைப் டெஸ்ட் 12 ஜீன்களைப் பார்த்து 0 முதல் 100 வரை மதிப்பெண் தரும். 2011இல் வெளிவந்த குவாசர் என்ற ஆய்வில், அறுவை சிகிச்சை மட்டும் செய்துகொண்டவர்களில், குறைந்த மதிப்பெண் உள்ளவர்களில் 12 சதவீதம் பேருக்கும் அதிக மதிப்பெண் உள்ளவர்களில் 22 சதவீதம் பேருக்கும் மூன்று ஆண்டுக்குள் நோய் திரும்பியது. சரி, யாருக்குக் கீமோ பலன் தரும்? அதை அந்த மதிப்பெண்ணால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. உங்கள் கேள்வியே அதுதான், ஏஜெண்ட் இதை மட்டும் வாய் திறந்து சொல்லமாட்டார், ஒவ்வொரு சாம்பிளுக்கும் கமிஷன் வாங்குகிறவர் ஏன் சொல்லப்போகிறார்? டெஸ்ட் வேண்டுமா என்று சொல்ல வேண்டியவர் புற்றுநோய் மருத்துவர், வார்டு வாசலில் விசிட்டிங் கார்டோடு நிற்பவர் இல்லை.

முதலில் அறுவைக்குப் பிந்தைய பயாப்ஸி ரிப்போர்ட்டை எடுங்கள், கீமோ தேவையா என்பதற்கான தடயங்கள் அதில் இருக்கும். டி4, அதாவது கட்டி குடலின் வெளி உறையைத் துளைத்துவிட்டது என்று இருக்கிறதா, குடல் அடைத்தோ ஓட்டை விழுந்தோ ஆபரேஷன் நடந்ததா, எத்தனை நெறிக்கட்டிகளைப் பரிசோதித்தார்கள்? குறைந்தது 12 வேண்டும். ஆறோ ஏழோ பார்த்துவிட்டு "பரவவில்லை" என்று எழுதியிருந்தால் மறுபடி தேடச் சொல்லுங்கள். எண்ணிக்கையே எழுதாத ரிப்போர்ட்டுகள் இன்னும் வருகின்றன, பார்த்தாலே எரிச்சலாக இருக்கிறது.

அடுத்து எம்எம்ஆர் டெஸ்ட், டிஎன்ஏவில் விழும் பிழைகளைத் திருத்தும் புரதங்களைப் பார்ப்பது. இதை விடவே கூடாது. எம்எல்எச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 என்ற நான்கு புரதங்கள் கட்டியில் இருக்கின்றனவா என்று சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள், நம் ஊர் லேப்களிலேயே, அமெரிக்கா போகும் டெஸ்ட்டைவிடப் பல மடங்கு குறைந்த செலவில். ஏதாவது ஒன்று இல்லை என்று வந்தால் பதறாதீர்கள். இரண்டாம் நிலையில் அது பெரும்பாலும் நல்ல செய்தி, நோய் திரும்புவது குறைவு, கேப்சிடபின் போன்ற கீமோ மாத்திரை மட்டும் கொடுத்தால் பலனும் இல்லை. ஆனால் இதே முடிவு சிலருக்குப் பரம்பரைக் கோளாறின் அடையாளம். எம்எல்எச்1 இல்லையென்றால் பெரும்பாலும் பரம்பரை காரணமாக இருக்காது, அதை உறுதி செய்ய இன்னொரு டெஸ்ட் உண்டு. எம்எஸ்எச்2 அல்லது எம்எஸ்எச்6 இல்லையென்றால் நீங்களும் உடன்பிறந்தவர்களும் மரபியல் ஆலோசனைக்குப் போகவேண்டும்.

மெழுகில் பதித்து வைத்திருக்கும் கட்டித் துண்டை, அதாவது பாரஃபின் பிளாக்கையும் ஏஜெண்டிடம் கொடுத்துவிடாதீர்கள், பின்னால் எந்த டெஸ்ட்டுக்கும் அதுதான் மூலம். கீமோ வேண்டுமென்றால் அறுவை முடிந்து எட்டு வாரத்துக்குள் தொடங்குவது நல்லது, அதனால் ரிப்போர்ட்டோடு இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.