புல்வெளிக்கு எதற்கு ஐயா டிக்கெட்?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வயது 67. அமெரிக்காவில், டென்வரில் வேலை பார்க்கும் மகன், வரும் ஜூலையில் எங்களை ஆஸ்பென் மலைக்கு அழைத்துப் போய்த் திறந்தவெளியில் சிம்பொனி கேட்க வைப்பதாகச் சொல்கிறான். இங்கே ஒரு முகவர் 'புல்வெளி இருக்கை' என்று ஆளுக்கு 900 வெள்ளி கேட்கிறார். இந்த வாரம் கட்டாவிட்டால் இடம் போய்விடுமாம். கட்டலாமா? எனக்கு ரத்தக் கொதிப்பு உண்டு, மலை ஒத்துக்கொள்ளுமா? மனைவி வைத்திருப்பது சிவப்பு அடையாள அட்டை.

பதில்: கட்டாதீர்கள் ஐயா. ஆஸ்பென் இசை விழாவின் பெரிய கச்சேரிகள், முன்பு பெனடிக்ட் என்றும் இப்போது கிளைன் என்றும் அழைக்கப்படும் கூடாரத்தில் நடக்கின்றன. உள்ளே இரண்டாயிரத்துச் சொச்சம் இருக்கைகள், டிக்கெட் அவற்றுக்குத்தான். வெளியே சுற்றியுள்ள புல்வெளிக்குக் கட்டணமே கிடையாது. பாயை விரித்து உட்கார வேண்டியதுதான். வாசிப்பவர்கள் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள், ஆனால் ஓசை நன்றாக வெளியே வரும். 1949இல் தொடங்கிய விழா அது. உங்கள் முகவர் நேற்றுத்தான் அதன் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்.

பயண முகவர் தொழிலில் நானும் காலம் தள்ளியவன், அதனால் சொல்கிறேன். 'இந்த வாரம் கட்டாவிட்டால் போய்விடும்' என்ற பேச்சு வந்தாலே பணப்பையை மூடிவிடுங்கள். இல்லாத இருக்கைக்கு அவரே ஒரு தாளை அச்சடித்து, எண் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுப்பார். அங்கே போய்க் காட்டினால் யாரும் உங்களைத் தடுக்கப் போவதில்லை, ஏனென்றால் யாருமே அங்கு டிக்கெட் கேட்பதில்லை. ஏமாந்தது தெரியாமலே திரும்பி வந்து அவருக்கு நன்றியும் சொல்வீர்கள்! கூடாரத்துக்குள்ளேயே உட்கார ஆசையென்றால் மகனே விழாவின் சொந்த இணையதளத்தில் வாங்கட்டும். தேடும்போது முதலில் வந்து நிற்கும் தளங்கள் பெரும்பாலும் மறுவிற்பனைக்காரர்களுடையவை. முகப்பைப் பார்த்தால் அசல் போலவே இருக்கும், விலையைப் பார்த்தால் புரியும்.

ஆஸ்பென் இருக்கும் அதே கொலராடோ மாநிலத்தில் வேல் என்றொரு மலை ஊரும் உண்டு. பெயரைக் கேட்டதும் பத்துமலை நினைவு வரவேண்டாம். அங்கே நியூயார்க் பில்ஹார்மோனிக் போன்ற பெரிய குழுக்கள் கோடையில் வந்து வாசிக்கின்றன. ஆனால் அங்கே புல்வெளிக்கும் டிக்கெட் உண்டு. மகன் திட்டத்தை மாற்றினால் இதை மறக்க வேண்டாம்.

அடுத்து விசா. 'நான் வாங்கித் தருகிறேன்' என்று எந்த முகவர் சொன்னாலும் நம்பாதீர்கள். படிவத்தை இணையத்தில் நீங்களே நிரப்பலாம். விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். மறுத்தாலும் திரும்பி வராது. முடிவு தூதரக அதிகாரியின் கையில். இடையில் யாருக்கும் சாவி கிடையாது.

உங்கள் விஷயம் எளிது. அம்மாவின் விஷயம்தான் எனக்குக் கவலை. மலேசியக் கடப்பிதழ் குடிமக்களுக்கு மட்டுமே. சிவப்பு அட்டைக்காரர் நிரந்தரவாசிதான், குடிமகள் அல்லர். அவரிடம் இந்தியக் கடப்பிதழ் இருந்தால் அதில் விசா கேட்கலாம். எந்த நாட்டுக் கடப்பிதழும் இல்லையென்றால், குடிநுழைவுத் துறையிடம் அதற்கென உள்ள தனிப் பயண ஆவணத்துக்கு முதலில் விண்ணப்பிக்க வேண்டும். இத்துடன் முடியவில்லை. நாட்டைவிட்டுப் போகும் நிரந்தரவாசி திரும்பி வருவதற்கு மறுநுழைவு அனுமதி வைத்திருக்க வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். போவதற்கான தாள்களை எல்லாம் அடுக்கி வைத்துக்கொள்வார்கள், வருவதற்கான தாளை மறந்துவிடுவார்கள். இந்த இரண்டும் கைக்கு வரும்வரை விமான டிக்கெட் வாங்காதீர்கள். ஜூலை என்றால் இன்றே தொடங்குங்கள். தோட்ட லயத்து வீட்டில் பிறந்து, விடியுமுன் பால்மரம் வெட்டி, பிள்ளைகளை நீல அட்டை வைத்திருக்கும் குடிமக்களாக வளர்த்துவிட்ட ஒரு பெண்மணி, தன் வீட்டுக்குத் திரும்பி வர அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது. அலுவலக முகப்பு ஒன்றில் இப்படிப்பட்ட பாட்டி ஒருவருடன் மூன்று முறை போய் நின்றிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு தாள் குறைவதாகச் சொன்னார்கள். எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லிவிட்டால் யாருக்கு என்ன நட்டம்?

இனி உயரம். கேமரன் மலையின் தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர், கெந்திங் உச்சி 1,800 மீட்டர் போல. ஆஸ்பென் ஏறக்குறைய 2,400 மீட்டர். கெந்திங்கில் உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். முதல் இரண்டு நாள் தலைவலி, மூச்சு வாங்குதல், தூக்கமின்மை வரலாம். 1,600 மீட்டரில் இருக்கும் டென்வரில் இரண்டு மூன்று இரவு தங்கி, பிறகு ஏறுங்கள். கிளம்புமுன் மருத்துவரிடம் உயரத்தைச் சொல்லிக் கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். மேலே போயும் தலைவலி முற்றி வாந்தி வந்தால் கச்சேரியை விட்டுவிட்டுக் கீழே இறங்குங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் அங்கே பிற்பகல் இடிமழை சாதாரணம். மழைச்சட்டை, அடிப்புறம் நனையாத பாய், மாலைக் குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை போதும். இடி முழங்கினால் மரத்தடிக்கு ஓடாதீர்கள், காருக்குள் போய்விடுங்கள். கைதட்டுவது பற்றியும் ஒரு வார்த்தை: சிம்பொனி பெரும்பாலும் நான்கு பகுதிகளாக வரும், நடுவில் தட்டுவதில்லை. உருமி மேளத்துக்குத் தட்டிப் பழகிய கை என்னுடையது. முதல் பகுதி முடிந்ததும் தட்டிவிட்டேன். அவ்வளவு பெரிய புல்வெளியில் என் கை ஓசை மட்டும்! முன்னால் படுத்திருந்த நாய்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தது.

மகனிடம் ஒன்று சொல்லி வையுங்கள். டென்வரிலிருந்து ஆஸ்பெனுக்குக் கோடையில் இரண்டு வழி உண்டு. இளைஞர்கள் காட்சி அழகு என்று இண்டிபெண்டன்ஸ் கணவாய் வழியாக ஓட்டுவார்கள். அது 3,686 மீட்டர், பல இடங்களில் ஒடுங்கிய பாதை. முதல் நாளே உங்களுக்கு அது வேண்டாம். கிளென்வுட் ஸ்பிரிங்ஸ் சுற்றி வரச் சொல்லுங்கள். அந்தப் பாதையிலும் உயரமான இடங்கள் உண்டு, ஆனால் நெடுஞ்சாலை அகலமானது, வழியில் நிறுத்தித் தண்ணீர் குடிக்க ஊர்களும் இருக்கின்றன.