ஈகோ வேனைக் கேம்பராக மாற்ற 2.4 லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் வசிக்கிறோம். நானும் மனைவியும் தனியார் வேலையில் இருக்கிறோம். இருவருக்கும் சேர்த்து மாதம் 68,000 ரூபாய் கைக்கு வருகிறது. வாடகை, பள்ளிக் கட்டணம், வீட்டுச் செலவு, 5,000 ரூபாய் சீட்டு எல்லாம் போக 23,000 நிற்கும். சீட்டு இன்னும் 14 மாதத்தில் முடிந்து 1 லட்சம் வரும். வங்கி டெபாசிட் 3.8 லட்சம். கடன் எதுவும் இல்லை. மகளுக்கு 6 வயது. இதுவரை பைக்தான். புது மாருதி ஈகோ, பெட்ரோல், 5 சீட்டர், ஆன்ரோடு 6.85 லட்சம் என்கிறார்கள். 1.85 லட்சம் முன்பணம் கட்டிவிட்டு மீதிக்குக் கடன் வாங்கலாம் என்று இருக்கிறோம். அதைக் கேம்பர் வேனாக மாற்ற ஒரு ஒர்க்‌ஷாப்பில் 2.4 லட்சம் கேட்கிறார்கள்: பின்சீட்டை எடுத்துவிட்டு நிரந்தரக் கட்டில், கூரையை வெட்டி வென்ட், அலமாரி, சிங்க், ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர். இதற்குப் பர்சனல் லோன் எடுத்து, நாங்கள் போகாத வாரங்களில் ஏற்காட்டுக்கு வருபவர்களுக்கு வாடகைக்கு விட்டுத் தவணையைக் கட்டிவிடலாமா?
- வாசகர், சேலம்

பதில்: வேன் வாங்கலாம், உங்கள் வரவு அதைத் தாங்கும். ஆனால் 2.4 லட்சம் வேலை வேண்டாம், வாடகை யோசனை அறவே வேண்டாம். கழற்றி மாட்டும் கட்டில் செட் ஒன்றைக் கடனே இல்லாமல் 58,000 ரூபாய்க்குள் செய்துகொள்ள வழி இருக்கிறது.

முதலில் தவணைக் கணக்கு. 5 லட்சம் வாகனக் கடன், 9% வட்டி, 5 வருடம் என்றால் மாதம் 10,379 ரூபாய். மொத்த வட்டி சுமார் 1.23 லட்சம். 'ஏழு வருடம் போட்டால் 8,045தான் சார்' என்று ஆசை காட்டுவார்கள். அப்படிப் போட்டால் வட்டி 1.76 லட்சம் ஆகிவிடும், அதாவது 53,000 கூடுதல். ஐந்து வருடத்திலேயே நில்லுங்கள். 23,000-ல் தவணை போக 12,600 மிஞ்சும். பெட்ரோல், சர்வீஸ், அடுத்த வருட இன்சூரன்ஸ் ஆகியவற்றுக்கு மாதம் 5,000 எடுத்துவைத்தால் 7,600 நிற்கும். இப்போது பர்சனல் லோனை இதில் நுழைத்துப் பாருங்கள். 2.4 லட்சத்துக்கு 13% வட்டியில் 3 வருடம் என்றால் மாதம் 8,087. உங்களிடம் இருப்பதோ 7,600. முதல் மாதமே துண்டு விழும். வட்டியாக மட்டும் 51,000 போகும், அது கழற்றி மாட்டும் செட்டின் விலைக்குக் கொஞ்சம்தான் குறைவு.

நகைக்கடன் வட்டி இதைவிடக் குறையலாம். ஆனால் பெரும்பாலும் ஒரு வருடத்தில் அசலும் வட்டியும் சேர்த்துத் திருப்ப வேண்டும். உங்கள் மிச்சத்தில் அது நடக்காது.

வாடகைக்கு வருவோம். வெள்ளை போர்டு வண்டியைக் காசு வாங்கிக்கொண்டு ஓட்டவோ கொடுக்கவோ மோட்டார் வாகனச் சட்டத்தில் இடமில்லை. பர்மிட் இல்லாமல் போக்குவரத்து வாகனமாகப் பயன்படுத்தினால் 192ஏ பிரிவில் 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. அதைவிடப் பெரிய ஆபத்து இன்சூரன்ஸ். தனிநபர் கார் பாலிசியில் வாடகை உபயோகம் விலக்கு. வாடகைக்குப் போன வண்டி ஏற்காடு மலைப்பாதையில் விபத்தில் சிக்கினால், உங்கள் வண்டிக்கு ஒரு ரூபாய் வராது. எதிர்த்தரப்புக்கு நிறுவனம் நஷ்டஈடு கொடுத்தாலும் உங்களிடம் திரும்பக் கேட்கும். மாதம் நாலு காசு பார்க்கப் போய் வீட்டையே பணயம் வைக்கும் காரியம் இது.

பின்சீட்டைக் கழற்றுவதும் கூரையை வெட்டுவதும் சின்ன விஷயம் இல்லை. ஆர்சி புத்தகத்தில் உள்ள இருக்கை எண்ணிக்கை, அமைப்பு ஆகியவற்றுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது 52-ஆம் பிரிவு. மீறினால் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முறையாகக் கேரவன் செய்ய வேண்டுமானால் ஏஐஎஸ்-124 தரத்துக்கு அங்கீகாரம் பெற்ற பாடி பில்டரிடம் செய்து ஆர்சியையும் மாற்ற வேண்டும். பெரிய வேனுக்கு அது சரி, ஏழு லட்ச ரூபாய் ஈகோவுக்குக் கட்டுப்படியாகாது. வெட்டிய கூரையில் தண்ணீர் ஒழுகித் துருப்பிடித்தால் வாரன்டி கிடைக்காது. ஒயரிங்கில் கை வைத்தால் அது தொடர்பான பாகங்களுக்கும் அதே கதிதான். மாருதியின் 3 வருடம் அல்லது 1 லட்சம் கி.மீ. வாரன்டியை உங்கள் காசிலேயே கெடுத்துக்கொள்வானேன்?

விற்கும்போதும் அடி விழும். பழைய ஈகோவுக்கு வருபவர்கள் பள்ளி டிரிப் அடிப்பவர்களும் காய்கறி வியாபாரிகளும்தான். அவர்களுக்கு உங்கள் சிங்க் எதற்கு? பாலிசியில் வண்டியின் மதிப்பு ஆறு மாதத்துக்குப் பிறகு 15%, ஒரு வருடம் தாண்டினால் 20%, இரண்டு தாண்டினால் 30% என்று கழியும். நீங்கள் பொருத்திய சாமான் அந்த மதிப்பில் சேரவே சேராது, தனியாக அறிவித்தால்தான் உண்டு. மின்சாதனங்களுக்கு அறிவித்த மதிப்பில் 4% கூடுதல் பிரீமியம், அதாவது 60,000 ரூபாய் சாமானுக்கு வருடம் 2,400.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது: மகளுக்கு 6 வயது. வண்டிக்குள் இருவரும் ஒரு சின்னக் குழந்தையும் நெருக்கிப் படுக்கலாம். பத்து வயதில் அது முடியாது. இடையில் கூடுதலாக எதுவும் கட்டாவிட்டால் அப்போது கடனில் இன்னும் ஒரு வருடத் தவணை பாக்கி இருக்கும். அன்றைக்குக் கட்டிலை இறக்கி வைத்துவிட்டு அதை 5 சீட் காராக ஓட்ட முடிய வேண்டும். நிரந்தர வேலை செய்தால் அந்த வழி அடைபட்டுவிடும்.

இனி வாங்கும் விவரம். டீலர் கொடுத்த மதிப்பீட்டில் ஷோரூம் விலை 5,70,000. தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு ஆயுள் வரி 13%, அதாவது 74,100. இன்சூரன்ஸ் 27,500 (இதில் மூன்று வருட மூன்றாம் நபர் பிரீமியம் 10,640, ஜிஎஸ்டி தனி). பதிவு வகையில் 4,400. கூட்டினால் 6,76,000. மிச்சம் 9,000-க்கு 'ஹேண்ட்லிங், அக்சஸரி கிட்' என்று எழுதியிருக்கிறார்கள். அதை எடுக்கச் சொல்லுங்கள், பிளைவுட் செலவு அதிலேயே வந்துவிடும். சிஎன்ஜி மாடல் வேண்டாம், சிலிண்டர் பின்னால் இடத்தைத் தின்றுவிடும். கார்கோ மாடலும் வேண்டாம். அது சரக்கு வண்டி, பின்னால் ஆள் ஏறினால் காப்பீட்டில் வராது.

அட்வான்ஸ் கட்டும் முன் மூவரும் ஷோரூமுக்கு ஒரு டேப்போடு போங்கள். ஈகோவின் வெளி அகலமே 1,475 மி.மீ. ஆதலால் குறுக்கே படுக்க வழியில்லை, நெடுக்கத்தான். பின்சீட்டை மடக்கி, முன்சீட்டை முடிந்தவரை முன்னே தள்ளி, உள்ளே 1,830 மி.மீ. நீளம் வருகிறதா என்று மடக்கிய சீட்டின் உயரத்தில் அளந்து, நீங்களே படுத்துப் பாருங்கள். வராவிட்டால் கேம்பர் திட்டம் அங்கேயே முடிந்தது. வெறும் காராக வாங்குவதா என்று வேறு கணக்குப் போட வேண்டும்.

கட்டிலுக்கு 12 மி.மீ. பிடபிள்யூபி (தண்ணீர் தாங்கும்) பிளைவுட், ஐஎஸ் 710 முத்திரையோடு, 8×4 இரண்டு ஷீட் போதும். ஒரு ஷீட் ஏறக்குறைய 25 கிலோ. 18 மி.மீ. எடுத்தால் 37 கிலோ, அந்தக் கனம் தேவையில்லை. சட்டத்துக்கு ஒரு அங்குல அலுமினியச் சதுரக் குழாய் 14 மீட்டர். இரும்பாலை ஊரில் இருந்துகொண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆசை வராமல் இருக்காது. ஆனால் அதே அளவுக் குழாய் எஸ்எஸ்-ல் எடை மூன்று மடங்கு. முதலில் அட்டைப்பெட்டியில் வெட்டி வண்டிக்குள் வைத்துப் பார்த்து, அந்த அளவை ஆசாரியிடம் கொடுங்கள். பலகையை மூன்று துண்டாகச் செய்தால் ஒருவரே தூக்கி இறக்கலாம். ஒவ்வொரு துண்டிலும் சாண் அளவு இடைவெளியில் 40 மி.மீ. துளைகள் இருக்கட்டும். மலைக்குளிரில் மூவரின் மூச்சு ஈரம் மெத்தைக்கு அடியில் தேங்கிப் பூஞ்சை பிடிப்பது இந்தத் துளை இல்லாத கட்டில்களில்தான். வெட்டிய விளிம்புகளுக்கு பிரைமர் அடிக்காமல் விடாதீர்கள்.

தரையில் ஒரு துளைகூடப் போடக்கூடாது. அடியில் பெட்ரோல் டேங்க், பிரேக் குழாய், ஒயர் எல்லாம் ஓடுகின்றன. கால்களுக்கு அடியில் 100 மி.மீ. சதுரப் பலகையும் ரப்பரும் வைத்து, சட்டத்தை சீட்டின் இரும்புக் காலோடு ரேட்செட் பெல்ட்டால் (பல்சக்கரப் பிடியால் இறுக்கும் பட்டை) இறுக்குங்கள். போல்ட்டுக்கு நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ளது) போடுங்கள், சாதா நட் இரண்டு மலைப்பயணத்தில் கழன்றுவிடும். உலோகம் உரசும் இடங்களில் 3 மி.மீ. ஈவிஏ ஃபோம் பட்டை ஒட்டாவிட்டால் கடகடவென்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஈகோவில் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அந்த சீட்டைத் தூக்க முடியாதபடி எந்தப் பெட்டியும் வரக்கூடாது, ஸ்டெப்னியும் ஜாக்கியும் எடுக்க வழி இருக்க வேண்டும்.

மின்சாரத்துக்கு வண்டி பேட்டரியைத் தொடாதீர்கள். தனிப்பெட்டியில் 12.8 வோல்ட் 50 ஆம்பியர்-அவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, பிஎம்எஸ் என்ற பாதுகாப்புச் சர்க்யூட் உள்ளது, வீட்டில் 14.6 வோல்ட் சார்ஜரில் ஏற்றிக்கொண்டு போகலாம். 18 வாட் ஃபேன் 9 மணி நேரம் ஓடினால் 162 வாட்-அவர், இரண்டு விளக்கு 40, போன்கள் 30, ஆக ஓர் இரவுக்கு 232. பேட்டரியில் இருப்பது 640, அதில் 90% எடுத்தாலும் இரண்டு இரவு தாராளம். ஒர்க்‌ஷாப் சொன்ன ஃபிரிட்ஜ் சேர்ந்தால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். 1,500 வாட் இண்டக்‌ஷன் அடுப்பை இன்வெர்ட்டரில் போட்டால் பேட்டரியிலிருந்து 130 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், சின்ன பேட்டரி உடனே கட்டாகிவிடும். பேட்டரியின் பிளஸ் முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 30 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். சேலத்து ஏப்ரல் வெயிலில் நிற்கும் வண்டியில் அதை விட்டுவைக்காமல் வீட்டுக்குள் எடுத்து வையுங்கள்.

சமையல் வண்டிக்கு வெளியேதான். மூடிய வண்டிக்குள் காஸ் எரித்தால் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளை முடித்துவிடும். குளிர் என்று உள்ளே அடுப்பு வைப்பவர்களும் உண்டு, ஆகவே 2,000 ரூபாய்க்குள் ஒரு கார்பன் மோனாக்சைடு (சிஓ) அலாரம் வாங்குங்கள். எதிரெதிர்க் கண்ணாடிகளை ஓர் அங்குலம் திறந்து கொசுவலை மாட்டித் தூங்குங்கள். கறுப்பு ஃபிலிம் வேண்டாம், கண்ணாடி அளவுக்கு வெட்டிய ஈபிஇ ஃபோம் அட்டைகளை இரவில் செருகி, ஓட்டும்போது எடுத்துவிடலாம்.

செலவு என் கணக்கில்: பிளைவுட் 7,000, அலுமினியச் சட்டமும் போல்ட்டும் 6,500, 40 டென்சிட்டி மூன்று அங்குல ஃபோம் உறையோடு 6,500, திரையும் வலையும் 3,000, ஒற்றை அடுப்பு, குழாய் வைத்த தண்ணீர் கேன், மடக்கு மேசை 4,500, பெல்ட், ஒரு கிலோ தீயணைப்பான், அலாரம் 4,000, ஆசாரி கூலி 4,000. இது முதல் கட்டம், 35,500. பேட்டரி வகை 20,000, ஃபேனும் விளக்கும் 2,500. மொத்தம் 58,000. டெபாசிட்டில் முன்பணம் போக 1.95 லட்சம் இருக்கும். தவணையோடு சேர்த்து மூன்று மாதச் செலவுக்கான சுமார் 1.65 லட்சத்தைத் தொடக்கூடாது. மீதி 30,000-மும் ஒரு மாத மிச்சம் 7,600-ம் முதல் கட்ட வேலைக்குச் சரியாக வரும். அடுத்த மூன்று மாத மிச்சத்தில் பேட்டரி. அதுவரை ஏற்காட்டில் ஃபேன் இல்லாமலே தூங்கலாம்.

எடையைக் கவனியுங்கள். மூன்று பேர் 150 கிலோ, கட்டில் 45, மெத்தை 8, பேட்டரிப் பெட்டி 8, தண்ணீர் 20, சமையல் சாமான் 10, பைகள் 25, ஆக 266 கிலோ. ஆர்சியில் மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்து இது அதற்குள் வருகிறதா பாருங்கள். கூரையில் கேரியர் போட்டுச் சாமான் ஏற்றாதீர்கள். உயரம் 1,825 மி.மீ., அகலம் 1,475 மி.மீ. உள்ள வண்டி அது, அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் சாயும். இறங்கும்போது இரண்டாவது கியரில் இறங்குங்கள், பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். இரவில் காட்டோரம் நிறுத்தாமல், விடுதி அல்லது எஸ்டேட் வளாகத்தில் காசு கொடுத்து, கழிப்பறை வசதியோடு நிறுத்துங்கள். அந்தக் காசையும் மாத 5,000-க்குள்ளேயே வையுங்கள்.

சீட்டுப் பணம் 1 லட்சம் வந்ததும் வண்டிக்குப் புதுச் சாமான் வாங்காமல் கடனில் கட்டுங்கள். 14 தவணை முடிந்தபோது பாக்கி சுமார் 4.03 லட்சம் இருக்கும். 1 லட்சத்தைக் கட்டி, தவணைத் தொகையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கச் சொன்னால் 13 தவணை மிச்சம், வட்டியில் சுமார் 35,000 குறையும். இதற்கு வங்கி சம்மதிக்குமா, பகுதித் தொகை கட்டக் கட்டணம் எவ்வளவு, எத்தனை மாதம் கழித்து அனுமதிப்பார்கள் என்பதைக் கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நிலையான வட்டிக் கடனில் இந்தக் கட்டணம் வங்கிக்கு வங்கி மாறும்.