தன்னிடமே தாவும் கட்டளை

அன்புள்ள ஐயா,

திருநெல்வேலிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இ.சி.இ. மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மைக்ரோபிராசசர் லேபில் இரண்டு எண்களைக் கூட்டுவதற்கு 8085 என்ற சிப் உள்ள பயிற்சிக் கிட்டில் ஒன்பது பைட்டுகளைக் கையால் தட்டுகிறோம். அந்தச் சிப் வந்தது 1976இல், என் அப்பா பிறந்த வருடம். வெளியே செயற்கை நுண்ணறிவு முழு நிரலையும் எழுதியே கொடுத்துவிடுகிறது. ஐ.டி.யில் இருக்கும் என் அண்ணன், "இதை எந்த இன்டர்வியூவிலும் கேட்க மாட்டாங்க, ரெக்கார்டு நோட்டை முடிச்சுக் கொடுத்துட்டு மறந்துடு" என்கிறான். நீங்கள் ஃபர்ம்வேர், அதாவது கருவிகளுக்குள் ஓடும் மென்பொருள், எழுதும் வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன். சிப் நேரடியாக ஓட்டும் எண்களான மெஷின் கோடும், அவற்றையே சொற்களாக எழுதும் அசெம்பிளியும் இன்று யாருக்காவது உண்மையிலேயே தேவைப்படுகிறதா?

ச.,
திருநெல்வேலி

அன்புள்ள ச.,

அந்த ஒன்பது பைட்டுகளை நானும் தட்டியிருக்கிறேன். மெமரி முகவரி 4100இல் தொடங்கி, ஹெக்ஸ் எண்களில் (9க்குப் பிறகு ஏ முதல் எஃப் வரை எழுத்துகள்) 3ஈ, 05, 06, 03, 80, 32, 00, 45, 76. ஐந்தையும் மூன்றையும் கூட்டி விடையை 4500இல் வைக்கும். முகவரி 4500 என்றால் ஏன் 00, 45 என்று திருப்பிப் போடுகிறோம் என்று கேட்டேன். "அப்படித்தான் போடணும்" என்று பதில் வந்தது. உங்கள் எரிச்சலும் இங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். கீழ் பைட்டை, அதாவது எண்ணின் கடைசிப் பாதியை, முதலில் வைக்கும் அந்த வழக்கம் உங்கள் லேப்டாப்பிலும் போனிலும் இன்றும் அப்படியே இருக்கிறது. அதை யாராவது சொல்லியிருந்தால் எனக்கு அந்த லேப் வேறு மாதிரி இருந்திருக்கும். சிப் பழையது என்பதை நான் குறையாக நினைக்கவில்லை. அட்டவணையைப் பார்த்து எண்களைத் தட்டுவதையே பாடமாக்கிவிட்டோம், அதுதான் குறை.

அண்ணன் சொல்வதில் பாதி சரி. அசெம்பிளியில் உட்கார்ந்து எழுதும் வேலை மிகவும் சுருங்கிவிட்டது. நானே முப்பது வரிக்கு மேல் எழுதிப் பல வருடம் ஆகிறது. ஆனால் படிக்காமல் ஒரு மாதம்கூடப் போனதில்லை.

ஒரு கதை சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு சின்ன நிறுவனத்தில் மீட்டர் போர்டு ஒன்று செய்துகொண்டிருந்தோம். ஆர்ம் கார்ட்டெக்ஸ் சிப், சி மொழி. சோதனைக்கான டிபக் பில்டில் நன்றாக ஓடும். சி கோடை மெஷின் கோடாக்கும் கம்பைலர், வேகத்துக்காக அதை மாற்றியமைக்கும் ரிலீஸ் பில்ட் போட்டால் கரண்ட் கொடுத்த கொஞ்ச நேரத்தில் அப்படியே நின்றுவிடும். மூன்று நாள் பவர் சப்ளையைத் திட்டினோம், கெப்பாசிட்டர் மாற்றினோம். கோடில் சந்தேகப்பட எதுவுமே இல்லை. வெளியிலிருந்து ஒரு பைட் வந்தால் ஓடும் வேலையை இடைமறிக்கும் இன்டரப்ட் ஒரு ஃப்ளாகை, அதாவது அடையாள மாறியை, 1 ஆக்கும். மெயின் நிரல் அந்த ஃப்ளாக் 1 ஆகும்வரை சுற்றிக்கொண்டிருக்கும். ஒரே வரி.

நான்காம் நாள் எங்கள் சீனியர் அக்கா ஒருவர் வந்தார். சி கோடை அவர் திறக்கவே இல்லை. டிபக்கரில், மெஷின் கோடை அசெம்பிளியாகக் காட்டும் டிஸ்அசெம்பிளி ஜன்னலைத் திறந்து, நின்றுபோன இடத்தைக் காட்டச் சொன்னார். அங்கே இரண்டே பைட்டில் ஒரு கட்டளை: ஈ7எஃப்ஈ. தன்னிடமே தாவு என்று அர்த்தம். அதற்கு மேலே ஃப்ளாகை ஒரே ஒருமுறை மெமரியிலிருந்து எடுத்துப் பார்க்கிறது. பூஜ்யமாக இருந்தால் கீழே வந்து, இந்தக் கட்டளையில் மாட்டிக்கொண்டு அங்கேயே குதித்துக்கொண்டிருக்கிறது. மறுபடி ஃப்ளாகைப் பார்ப்பதே இல்லை.

கம்பைலர் செய்தது தப்பு இல்லை. இந்தச் சுற்றுக்குள் ஃப்ளாகை யாரும் மாற்றவில்லை, பிறகு ஏன் திரும்பத் திரும்ப மெமரிக்குப் போக வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறது. இன்டரப்ட் என்று ஒன்று குறுக்கே வரும் என்பது அதற்குத் தெரியாது. சொல்லியிருக்க வேண்டியது நாங்கள். ஒவ்வொரு முறையும் மெமரியிலேயே பார் என்று சொல்லும் 'வொலட்டைல்' என்ற ஒரு வார்த்தையைச் சேர்த்ததும் போர்டு ஓடியது. சி கோடு நாம் எழுதிக் கொடுக்கும் மளிகைச் சீட்டு. கடைக்காரர் பையில் என்ன போட்டார் என்பது பையைத் திறந்தால்தான் தெரியும்.

இதைவிட மோசமானதும் நடக்கும். கடவுச்சொல்லைச் சரிபார்த்து முடித்ததும் அந்த இடத்தைப் பூஜ்யத்தால் அழிக்க ஒரு வரி எழுதுகிறீர்கள். அந்த மெமரியை இதற்குப் பிறகு யாரும் படிக்கப்போவதில்லை என்று கண்டுகொண்ட கம்பைலர், அழிக்கும் வேலையையே தூக்கிவிடலாம். கோடில் வரி இருக்கும், ஓடும் நிரலில் இருக்காது. எந்த டெஸ்டிலும் சிக்காது. இதற்காகவே சி மொழியின் சி23 தரநிலையில் 'மெம்செட் எக்ஸ்ப்ளிசிட்' என்று தனியாக ஒரு ஃபங்ஷன் சேர்க்க வேண்டி வந்தது.

2024 மார்ச்சில் நடந்ததையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் நோண்டப்போய், எக்ஸ்இசட் என்ற கம்ப்ரஷன் மென்பொருளுக்குள் யாரோ திருட்டு வழி வைத்திருப்பதைக் கண்டுபிடித்தார். அந்தக் கள்ளக் கோடு படிக்கும்படியான சி நிரலாக எங்கும் இல்லை. டெஸ்ட் ஃபைல்கள் என்ற பெயரில் மெஷின் கோடாகவே ஒளித்துவைத்திருந்தார்கள். அது என்ன செய்கிறது என்று பார்க்க வந்தவர்களுக்குப் படிக்கக் கிடைத்ததும் அந்த மெஷின் கோடுதான்.

கையால் எழுதுபவர்களும் இருக்கிறார்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலின் தொடக்கப் பகுதி அப்படி எழுதியதுதான். உங்கள் பிரவுசரில் ஏவி1 வடிவ வீடியோவைப் பிரித்துத் தரும் டேவிட் என்ற டீகோடரின் வேகத்துக்குக் காரணம் கையால் எழுதிய அசெம்பிளிதான். செயற்கை நுண்ணறிவு என்றீர்களே, 2024 டிசம்பரில் வந்த டீப்சீக் வி3 என்ற ஏஐ மாடலின் அறிக்கையைப் புரட்டுங்கள். என்விடியாவின் பிடிஎக்ஸ், அதாவது அசெம்பிளிக்கு ஒரு படி மேலே இருக்கும் மொழியில், தங்களுக்கென்று சில கட்டளைகளை எழுதிக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்த வேலைகளுக்கு ஆள் கொஞ்சம்தான் வேண்டும். அதனால் வேலை கிடைக்கும் என்று உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன்.

என்னைக் கேட்டால் 8085ஐ ஒரு வாரத்தில் முடித்துவிட்டு ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுப்பின் பக்கம் போகலாம். அதன் அடிப்படைத் தொகுப்பில் நாற்பது கட்டளைதான். சென்னை ஐஐடியின் சக்தி பிராசசரும் அதில் அமைந்ததுதான். கிட் வாங்க வேண்டாம். மேட் காட்போல்ட் 2012இல் தொடங்கிய கம்பைலர் எக்ஸ்ப்ளோரர் இணையத்தில் இலவசம். இடது பக்கம் சி எழுதினால் வலது பக்கம் அசெம்பிளி வரும்.

இன்று இரவே ஒன்று செய்யுங்கள். மொழி சி, கம்பைலர் ரிஸ்க்-ஃபைவ் ஜிசிசி என்று வைத்துக்கொண்டு, நான் சொன்ன அந்த ஃப்ளாக் வரியை எழுதுங்கள். முதலில் ஆப்டிமைசேஷன் (வேகத்துக்காகக் கம்பைலர் செய்யும் மாற்றம்) இல்லாமல், அப்புறம் அதைக் கூட்டும் ஓ2 போட்டு. தன்னிடமே தாவும் அந்த வரி எங்கே வருகிறது என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். அண்ணனையும் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டுங்கள். ரெக்கார்டு நோட்டை மட்டும் நேரத்துக்குக் கொடுத்துவிடுங்கள், அந்த விஷயத்தில் நான் அவர் கட்சி.