கோத்தகிரி ஏற்றத்துக்குப் பழைய ஆடி ஏ3: வாங்கலாமா?

கேள்வி: கோத்தகிரியில் குடியிருக்கிறேன். வேலை மேட்டுப்பாளையத்தில். வாரத்தில் 5 நாள் இறங்கி ஏற வேண்டும். கோவை புரோக்கர் ஒருவர் 2015 மாடல் ஆடி ஏ3 பெட்ரோல் வண்டியைக் காட்டுகிறார். மீட்டரில் 62,000 கி.மீ.; ஒரே ஓனர், டாக்டர் வண்டியாம். "சின்ன கார்தான் சார், சர்வீஸ் செலவும் சின்னதாத்தான் இருக்கும்" என்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: புரோக்கர்கள் சொல்வதைக் கேட்டால் கோவையில் டாக்டர்களைத் தவிர வேறு யாரும் கார் வைத்திருந்ததே இல்லை என்று தோன்றும். அதை விடுங்கள். உங்கள் பாதைக்கு அந்தப் பெட்ரோல் வண்டி வேண்டாம். அதே ஆண்டின் டீசல் ஏ3 கிடைத்து, கீழே சொல்லும் சோதனைகளில் தேறினால் வாங்கலாம். எஞ்சின் இரண்டிலும் நல்லதுதான். சிக்கல் கியர்பாக்ஸில்.

முதலில் அந்தச் 'சின்ன கார்' பேச்சு. சொகுசுச் சின்ன கார்கள் இரண்டு வழியில் உருவானவை. சாதாரணச் சின்ன காருக்குத் தோல் சீட்டும் மரப்பலகை டேஷ்போர்டும் போட்டு அலங்கரிப்பது ஒன்று. 1963-இல் இங்கிலாந்தில் வந்த வாண்டன் பிளா பிரின்சஸ் 1100 அப்படிப்பட்டது. உள்ளே இருந்தவை ஊரெல்லாம் ஓடிய 1100 காரின் பாகங்களே என்பதால் பராமரிப்பும் அதற்கேற்ப இருந்தது. பெரிய கார் கம்பெனிகள் தங்கள் தொழில்நுட்பத்தை அப்படியே சின்ன உடம்புக்குள் அடைப்பது இரண்டாவது வழி. 1996-இல் ஆடி ஏ3, 1997-இல் மெர்சிடிஸ் ஏ கிளாஸ், 2004-இல் பி.எம்.டபிள்யூ. 1 சீரிஸ் எல்லாம் இந்த வகை. ஏ கிளாஸ் வந்த வேகத்திலேயே, ஸ்வீடனில் குறுக்கே வரும் காட்டுமானைத் தவிர்ப்பதுபோல் வளைத்து ஓட்டிய சோதனையில் கவிழ்ந்தது. கம்பெனி விற்பனையை நிறுத்தி, அதுவரை விலையுயர்ந்த கார்களில் மட்டும் இருந்த, வண்டி சறுக்காமல் காக்கும் ஈ.எஸ்.பி. கருவியை ஒவ்வொரு ஏ கிளாஸிலும் பொருத்தியது. அன்றிலிருந்து இந்த வகை கார்களில் பெரிய காரின் சென்சார், கம்ப்யூட்டர், வயரிங் எல்லாம் வழக்கமாகிவிட்டன. குறைந்தது நீளம் மட்டும்தான். பில் நீளத்தைப் பார்த்துப் போடப்படுவதில்லை.

நம் வரிச் சட்டமோ நீளத்தைத்தான் பார்க்கிறது. 4 மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி., டீசல் என்றால் 1,500 சி.சி. எஞ்சின் என்று 2006 பட்ஜெட்டில் போட்ட கோடு 2025-இல் ஜி.எஸ்.டி. விகிதங்களை மாற்றியபோதும் நகரவில்லை. ஏ3 செடானின் நீளம் 4.46 மீட்டர். ஐரோப்பாவில் சின்ன கார், இங்கே வரிக்குப் பெரிய கார். விலை ஏறியது, விற்பனை ஏறவில்லை. 2013-இல் இங்கே வந்த 1 சீரிஸ் சில ஆண்டுகளில் மறைந்தது, ஏ3-யும் நின்றுபோனது. இப்போது புதிதாக விற்கப்படாத மாடல் என்பதால்தான் உங்களுக்கு மலிவாகக் காட்டுகிறார்கள். ஓர் ஆறுதல்: இந்த ஏ3-யும் அதே காலத்து ஸ்கோடா ஆக்டேவியாவும் ஒரே அடித்தளத்தில் கட்டப்பட்டவை, 1.8 பெட்ரோல் எஞ்சின், கியர்பாக்ஸ் உட்படப் பல பாகங்கள் பொது. பாகத்தின் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். ஆடியின் நான்கு வளையம் போட்ட டப்பாவுக்கு மட்டும் தனி விலை உண்டு.

இனி கியர்பாக்ஸ். பெட்ரோல் ஏ3-இல் இருப்பது 7 கியர் கொண்ட இரட்டைக் கிளட்ச். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு ஒன்று. இரண்டும் உலர் கிளட்ச். சூட்டைக் காற்றுதான் ஆற்ற வேண்டும். ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் ஊரும்போது கிளட்ச் முழுதாகப் பிடிப்பதும் இல்லை, விடுவதும் இல்லை. பாதியில் நின்று தேய்கிறது. சீசன் ஞாயிற்றுக்கிழமைகளில் மணிக்கணக்கில் இதே கதை. சூடேறினால் எச்சரிக்கை விளக்கு வரும். தேய்ந்துவிட்டால் 1-லிருந்து 2-க்கு மாறும்போது வண்டி உதறும். கிளட்சை இயக்கும் மெக்காட்ரானிக் என்ற பகுதி தனியாகப் பழுதாகும். இதில் செயற்கை எண்ணெயால் மின்கோளாறு வருகிறது என்று 2013-இல் உலகம் முழுதும் லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்துக் கனிம எண்ணெய்க்கு மாற்றினார்கள். மெக்காட்ரானிக் போனால் வண்டி கொண்டை ஊசி வளைவிலேயே நிற்கும். ஃபிளாட்பெட் லாரி கோவையிலிருந்து ஏறி வர வேண்டும்.

டீசல் 2.0 லிட்டரில் இருப்பது 6 கியர். அதன் கிளட்ச் எண்ணெயில் மூழ்கி ஓடுவது. சூட்டை எண்ணெய் வாங்கிக்கொள்ளும். இங்கே ஒரு குழப்பம். இரண்டு வண்டியிலும் 'எஸ் ட்ரானிக்' என்ற ஒரே பெயர்தான். புரோக்கர் "ரெண்டும் ஒண்ணுதான்" என்பார். மேனுவல் மோடுக்கு மாற்றி ஓட்டி எத்தனை கியர் வருகிறது என்று எண்ணுங்கள்: 7 வந்தால் உலர், 6 வந்தால் எண்ணெய். ஆனால் இந்தக் கணக்கு 2015 ஏ3-க்கு மட்டும். மெர்சிடிஸ் ஏ கிளாஸிலும் 7 கியர்தான், அது எண்ணெய் வகை. ஆடி குடும்பத்திலேயே பின்னால் வந்த சில 7 கியர் பெட்டிகள் எண்ணெய் வகை. அதனால் "ஏழு என்றால் கெட்டது" என்று ஊரெல்லாம் சொல்லிவைக்காதீர்கள். எண்ணெய் வகையிலும் எண்ணெயை மாற்றாவிட்டால் பயனில்லை. டீசல் ஏ3-க்கு 60,000 கி.மீ.க்கு ஒருமுறை, ஃபில்டரோடு, சுமார் 5 லிட்டர். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் எண்ணெய்ச் சூடு 35-லிருந்து 45 டிகிரிக்குள் இருக்கும்போது மட்டம் பார்க்க வேண்டும். ஸ்கேனர் இல்லாமல் "பார்த்தாலே தெரியும்" என்கிற மெக்கானிக்கிடம் விடாதீர்கள். எண்ணெய் மாற்றிய பில் இல்லாத டீசல் வண்டியை எடுத்தால் முதல் செலவு இதுதான்.

பி.எம்.டபிள்யூ. 1 சீரிஸ், வால்வோ வி40 டீசல் இரண்டிலும் வழக்கமான டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் (எஞ்சின் சக்தியை எண்ணெய் வழியே கடத்துவது), மலைக்கு நிம்மதி.

உயரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். கோத்தகிரியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு; டர்போ எஞ்சின் அதைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். கவலைப்பட வேண்டியது இறக்கத்தைப் பற்றி. ஆட்களோடு 1,600 கிலோ வண்டி மேட்டுப்பாளையம் வரை 1,450 மீட்டர் இறங்கினால் 6 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தி வெளியேறியாக வேண்டும். 'டி'-யில் போட்டுப் பிரேக்கை மட்டும் மிதித்தால் அத்தனையும் டிஸ்க்கில் சூடாகும். மேனுவல் மோடில் 2-ஆவது, 3-ஆவது கியரில் இறங்குங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். நீலகிரி மூடுபனியில் கேட்கவே வேண்டாம். 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் அந்த ஈரம் கொதித்து, மிதி தரை வரை போகும்.

இப்போது முக்கியமானது. 2015 மாடல் என்றதுமே சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளம் நினைவுக்கு வர வேண்டும். மூழ்கியதால் இன்ஷூரன்ஸ் கம்பெனி மொத்த இழப்பு என்று தீர்த்த வண்டிகள் ஏலத்தில் போய், கழுவிக் காயவைத்து, வேறு ஊரில் 'டாக்டர் வண்டி'யாகப் பிறவி எடுக்கின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சுருளின் அடியில் சேற்றுக் கோடு இருக்கும். சீட் தண்டவாள போல்ட்டில் துரு, கார்பெட்டுக்குக் கீழே உள்ள பஞ்சில் வண்டல், டிக்கி அடிக்குழியில் மணல், கீழ்மட்டக் கனெக்டர்களில் பச்சைப் பூச்சு. உள்ளே வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தால் எல்லாக் கண்ணாடியையும் ஏற்றி, ஏசியை நிறுத்தி, 15 நிமிடம் வெயிலில் நிறுத்திவிட்டுத் திறந்து பாருங்கள்; உண்மை மூக்குக்குத் தெரியும். மீட்டரையும் நம்ப வேண்டாம். ஓட்டிய தூரம் மற்ற கம்ப்யூட்டர்களிலும் பதிவாகியிருக்கும். ஸ்கேனரில் ஒப்பிடச் சொல்லுங்கள். சேஸி எண்ணைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் பதிவைக் கேளுங்கள்.

கோவையின் சமதளமான அவிநாசி சாலையில் ஓட்டிக் காட்டுவது டெஸ்ட் டிரைவ் அல்ல. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மேட்டுப்பாளையத்துக்கு வரவழைத்து, குஞ்சப்பனை வரை ஏற்றுங்கள். நடுவே ஏற்றத்தில் நிறுத்தி, ஊர்ந்து நகர்த்தி, ரிவர்ஸிலும் மேலேறுங்கள். உதறலோ கருகல் வாசனையோ வந்தால் அங்கேயே இறங்கிவிடுங்கள்.

கடைசியாகக் காகிதம். வெறும் கையெழுத்துப் போட்ட 29, 30 படிவங்களை நீட்டி "பேர் மாத்துறது நீங்க பாத்துக்குங்க" என்றால் வேண்டாம். 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வியாபாரிக்கு ஆர்.டி.ஓ. தரும் அங்கீகாரச் சான்று வேண்டும். சட்டம் இருக்கிறது, கேட்பார் இல்லை, நீங்களாவது கேளுங்கள். கடன் இருந்தால், அது தீர்ந்தது என்று காட்டும் 35-ஆம் படிவம் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். "இன்ஷூரன்ஸ் ஓடிக்கிட்டிருக்கு" என்பது பாதி உண்மைதான். பாலிசியில் பெயர் மாற்ற, வண்டி கைமாறிய 14 நாளுக்குள் நீங்கள் விண்ணப்பிக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் வண்டிச் சேதத்துக்குப் பணம் வராது. பழைய ஓனரின் நோ கிளைம் போனஸும் உங்களுக்கு வராது.

ஆர்.சி.யில் கோத்தகிரி முகவரி ஏறினாலும் ஒரே மாநிலம் என்பதால் கோவை எண் மாறாது. நீலகிரி எண்ணான டி.என். 43 வண்டிக்கு மலையேற இ-பாஸ் தேவையில்லை; உங்கள் வண்டி எண் அதுவல்ல. சொந்த வீட்டுக்குச் சாப்பிடப் போகிறவர் சுற்றுலாப் பயணி இல்லை என்று காகிதத்தோடு நிரூபிக்க வேண்டிய விசித்திரத்தை இனிமேல் நீங்களும் அனுபவிப்பீர்கள். வண்டி எடுக்கும் முன்பே அதற்கான வேலையைத் தொடங்கிவிடுங்கள்.